நோவு எங்களுக்கு, நடை உங்களுக்கு

நெட்டைமுடி மலைக்கு ஏறுகிறவர் யாராக இருந்தாலும், அது பெரிய உத்தியோகக்காரராக இருந்தாலும் சரி, பரீட்சையில் தோற்ற கையோடு வந்த கல்லூரிப் பையனாக இருந்தாலும் சரி, விடியும் முன்னே எங்கள் தூவானக்குடியில் ஒரு டம்ளர் வரக்காப்பி குடிக்காமல் மலையில் கால் வைக்க முடியாது, அந்தக் காப்பியை ஊற்றிக் கொடுக்கிற வீட்டார் "நோவு எங்களுக்கு, நடை உங்களுக்கு" என்று சொல்லாமல் ஊற்றவும் முடியாது. அதை முதன்முதலில் யார் சொன்னார்கள் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. அது ஒரு மரியாதைப் பேச்சு, அவ்வளவுதான். நம் வீடு மாதிரி நினைச்சுக்கோங்க என்று சொல்கிறோம், கேட்டவர் பெட்டி படுக்கையோடு வந்து தங்கிவிடுகிறாரா என்ன, அதைப் போல அந்த நோவும் ஒருநாளும் எங்களிடம் வந்ததில்லை, ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை வரும் வரைக்கும்.

அன்றைக்கு மலையேறியது பதினோரு பேர். அவர்களுக்கு உச்சியில் சோறாக்கிப் போடுவதற்காக அரிசியும் பருப்பும் குண்டானும் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனது நான், தவமணி. என் புருஷன் வனராசு வழிகாட்டியாக இருந்தவர், ஆறு வருஷத்துக்கு முன்னால் மஞ்சுமூட்டத்தில், ஏறவந்த ஒருவருடைய பையையும் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது வழுக்குப்புல்லில் சறுக்கி முதுகெலும்பு முறிந்து கட்டிலில் விழுந்தார், இடுப்புக்குக் கீழே முள் குத்தினாலும் தெரியாது, தேள் கொட்டினாலும் தெரியாது. அதனால் நான் ஏறுகிறேன். ஆசைப்பட்டு ஏறுகிறவர்களுக்கு மலை வருஷத்துக்கு ஒரு தடவை, எனக்கு வாரத்துக்கு நாலு தடவை, என் முட்டி எப்போது தேய்ந்து உதிரும் என்று அந்த முட்டிக்கே தெரியாது.

மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலில் முட்டிக்கும்பிடு ஏற்றம், அதில் ஒவ்வோர் எட்டுக்கும் முழங்கால் நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகும். அதன்பிறகு மூச்சடைப்பான் பாறை, அங்கே காற்று எவ்வளவு அடித்தாலும் நெஞ்சுக்குள் போகிற காற்று மட்டும் குறைந்துவிடும், பத்தடிக்கு ஒருதரம் நிற்க வேண்டும், நெற்றிப்பொட்டு இரண்டும் விண்ணென்று தெறிக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு வழுக்குப்புல், கெண்டைக்கால் கல்லாகிவிடும். அதற்கும் மேலே ஒரு மொட்டைப் பாறை, அதுதான் உச்சி. அங்கே சுமையை இறக்கி வைத்து, அடுப்புக்குக் கல் கூட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிமிர்ந்து நிற்பேன். கழுத்து லேசாகும், வேர்வையில் காற்று படும், மேகமெல்லாம் காலுக்குக் கீழே கிடக்கும், எனக்கு யாரிடமும் கோபம் இருக்காது. அந்த ஒரு நிமிஷம் என்னுடையது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தப் பதினோரு பேரும் வேர்க்காமல் ஏறினார்கள். ஒருவருக்குத் தொந்தி முன்னால் போக உடம்பு பின்னால் போகும், அவர் முட்டிக்கும்பிடில் போனில் பேசிக்கொண்டே ஏறினார். ஓர் அம்மா மூச்சடைப்பானில் பாட்டுப் பாடினார். சுமை தூக்கிய எனக்கும் வழிகாட்டிகளுக்கும்தான் நாக்குத் தள்ளியது, ஏனென்றால் எங்களுக்கு யாரும் காப்பி ஊற்றி அந்த வார்த்தையைச் சொல்வதில்லை, வீட்டு ஆளுக்கு எதற்கு மரியாதை.

கீழே ஊரில், வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஒச்சம்மாக்கா, தன் ஆடுகளைத் தவிர எதன் பின்னாலும் நடந்தறியாத ஒச்சம்மாக்கா, திடீரென்று தொடையைப் பிடித்துக்கொண்டு "ஆத்தே, யாரோ எங்கால வச்சு மலை ஏறுறாகளே" என்று கத்தியிருக்கிறாள். அவள் காப்பி ஊற்றியது தொந்திக்காரருக்கு. பாட்டுப் பாடிய அம்மாவுக்கு ஊற்றிய வீட்டில் மாமியாருக்கு இளைப்பு வந்துவிட்டது. சாயங்காலம் நாங்கள் இறங்கி வந்தபோது பதினோரு வீட்டில் பதினோரு பேர் கால் நீட்டிப் படுத்துக் கிடந்தார்கள், பதினோரு வீட்டிலும் வலித் தைல வாசம், மலையேறியவர்களோ வேனில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

வேறு ஊராக இருந்தால் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள், இல்லை பேப்பர்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊர் அலுத்த ஊர். இதுவும் ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள், ஊற்றுகிற கைக்குத்தான் நோவு வருகிறது, அடுத்த வீட்டுக்குப் போவதில்லை என்று கண்டுபிடித்தார்கள். மலையேற வருகிறவர்களை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுகிற பிச்சைமணி, காப்பிக்கு முறை போட்டான். பிள்ளைத்தாய்ச்சி ஊற்றக் கூடாது, பால் கொடுக்கிறவள் ஊற்றக் கூடாது, படுக்கையில் கிடக்கிறவர்கள் ஊற்றக் கூடாது. ஒல்லியான ஆளுக்கு நோஞ்சான்கள் ஊற்றலாம், பாரமான ஆளுக்கு ஒச்சம்மாக்கா மாதிரி கட்டுமஸ்தானவர்கள். குடித்துவிட்டு வந்து தினமும் சண்டை போடுகிற வீரணன் இரண்டு ஆளுக்கு ஊற்ற வேண்டும், பொழுது சாயும்போது அவன் கட்டையாகக் கிடப்பான், அவன் பெண்டாட்டி முதல்முறையாக நிம்மதியாகத் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் ஊரில் மணி பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். ஒச்சம்மாக்காவுக்கு முட்டி நொந்தால் ஏழு மணி, மாமியார்க்காரிக்கு இளைத்தால் ஒன்பதரை, தெருவே கெண்டைக்காலைப் பிடித்தால் பதினொன்று, உலையைப் போடலாம். ஒருத்தி வேலைக்குப் போகவில்லை என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. "அவளுக்கு இன்னைக்கு ஆளு ஏறுது" என்பார்கள், போதும். இவ்வளவு நாளும் காரணமில்லாமல் அலுத்துக் கிடந்தவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது, என்னைக் கேட்டால் அதுவே பெரிய உதவி என்பேன்.

ஆனால் ஒரு விஷயத்தை எல்லாரும் மறைத்தார்கள். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு, மலை மேலே ஆட்கள் உச்சியில் கால் வைக்கிற நேரத்தில், ஒச்சம்மாக்கா ஆட்டுத் தொழுவத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மாமியார்க்காரி கிணற்றடிக்குப் போய்ச் சிரித்தாள். வீரணன் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். தனக்கு மட்டும்தான் இப்படிப் புத்தி பிசகுகிறது என்று ஒவ்வொருவரும் வெட்கப்பட்டு ஒளிந்தார்கள், ஒருநாள் ஒளிந்த இடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அதன்பிறகு ஒளியவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தெருவே வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்கும், வேர்வை இல்லாத நெற்றியில் காற்று படும்.

"எப்பிடிக்கா இருக்கும்?" என்று நான் ஒச்சம்மாக்காவைக் கேட்டேன்.

"ஏண்டி, தெனம் போறவ நீ, எங்கிட்டக் கேக்குற" என்றாள். பிறகு, "எங்காத்தா செத்தப்பக்கூட இப்பிடி அழுகலடி. ஆனா துக்கமில்ல. நெஞ்சு அம்புட்டு அகலமாயிருது" என்றாள்.

மேலே என்ன நடந்தது என்பதை நான்தான் பார்த்தேன். வேர்க்காமல் வந்தவர்கள் உச்சியில் நின்று "இவ்வளவுதானா?" என்றார்கள். நாலு படம் எடுத்தார்கள், கொட்டாவி விட்டார்கள், டவர் கிடைக்கிறதா என்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள், சோறு எப்போது ஆகும் என்று என்னைக் கேட்டார்கள். பழைய நாளில் இதே பாறையில் மண்டியிட்டு முத்தம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சுனைத் தண்ணீரைக் குடித்துவிட்டு இது என்ன தண்ணீர் அம்மா என்று என் கையைப் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ரசம் சோற்றை அழுதுகொண்டே தின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நோவைக் கீழே விட்டுவிட்டு வந்தவர்களோடு அது வரவில்லை, நோவு இருந்த இடத்துக்கே அதுவும் போய்விட்டது.

மார்கழிக் கடைசியில் ஏறவந்த ஒரு பெண் காணாமல் போனாள். உடம்பு அலுக்காததால் உச்சியோடு நிற்காமல் அந்தப் பக்கம் நடந்துகொண்டே போயிருக்கிறாள், பசி தெரியவில்லை, கால் தெரியவில்லை, மேற்குச் சரிவில் பாறை முடிகிற விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபோது வழிகாட்டிகள் எட்டிப் பிடித்தார்கள். "எனக்கு ஒண்ணுமே தோணலையே" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கள் ஆட்களுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஊர் கூடியது. பாதிப்பேருக்கு விட மனசில்லை, நடுப்பகலை எப்படி விடுவது என்று வாய்விட்டே கேட்டார்கள், ஆனாலும் ஒரு பிள்ளை விழுந்து செத்தால் அந்தக் காப்பி நம் தொண்டையில் இறங்குமா என்று பிச்சைமணி கேட்டான். போகியோடு நிறுத்துவது, தை பிறந்தால் காப்பி மட்டும் ஊற்ற வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

அன்றைக்கு வனராசு என்னைக் கூப்பிட்டார். ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரைப் பார்ப்பார், நான் கொடுப்பேன்.

"போகிக்கு நீ ஏறப்போறேல்ல?"

"ஏறாம? கடைசிக் கூட்டம், பதினாலு பேரு."

"உனக்கு நான் ஊத்துறேன்."

எனக்குப் புரிந்துவிட்டது, புரியாத மாதிரி குண்டானைத் தேய்த்தேன்.

"ஊருக்கெல்லாம் கால் வலிக்குது, தவமணி. ஒச்சம்மா ஐயோ அம்மாங்குறா, எனக்கு இங்க கெடந்து கேக்கக் கேக்கப் பொறாமையா இருக்கு. எனக்கும் ஏறுதான்னு பாக்கணும். எங்காலு என்கிட்ட இருக்கான்னு பாக்கணும்."

"படுக்கையிலயே கெடந்து நெஞ்சு பலவீனமாயிருச்சு, இழுத்துப் பேசக்கூடக் கூடாதுன்னு டாக்டரு சொன்னது மறந்துபோச்சா? மூச்சடைப்பான்ல நல்ல ஆளுக்கே உசிரு கழுத்துக்கு வருது. காலுக்கு ஒண்ணும் போகாது, அம்புட்டும் நெஞ்சுலதான் வந்து உக்காரும். எனக்கு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

"சரி" என்றார். சரி என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தலையும் தோளும்தான் திரும்பின, கால் இரண்டும் வைத்த இடத்திலேயே கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

"வீட்டு ஆளுக்குச் சொன்னாப் பலிக்காது" என்றேன், தோற்றுப்போன குரலில்.

"நீ வெளியூர்க்காரிதான? ஆண்டிபட்டில இருந்து ஜீப்புல வந்து எறங்குன. உனக்கு இந்த ஊர்ல எவன் ஒரு வா காப்பி ஊத்தி அதச் சொன்னான்?"

யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்து இருபது வருஷம், ஆயிரக்கணக்கான பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன், எனக்கு யாரும் சொன்னதில்லை.

போகி அன்று விடியும் முன் அவரை முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தேன், செம்பைக் கையில் கொடுத்தேன். ஊற்றிக் கொடுத்தார். டம்ளரில் பாதி, அவர் தொடையில் பாதி. கொதிக்கக் கொதிக்க இருந்த காப்பி, அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "நோவு எங்களுக்கு, நடை உனக்கு" என்றார். நான் தொடையைத் துடைத்தேன், குடித்தேன், சுமையை எடுத்தேன். ஒச்சம்மாக்காவிடம், அவளுக்கு மேலேறப் போகிற நோவோடு இவரையும் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

வாசல் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. இருபது கிலோ தலையில் இருக்கிறது, கழுத்துக்குத் தெரியவில்லை. என் முட்டி அடுத்தவள் முட்டியைப் போலச் சத்தமில்லாமல் மடங்கியது. சின்ன வயதில் ஆண்டிபட்டிக் கண்மாய்க் கரையில் ஓடியதற்குப் பிறகு எனக்கு இப்படி ஓர் உடம்பு இருந்ததில்லை, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நான் வைக்கிற ஒவ்வோர் எட்டும் கட்டிலில் கிடக்கிற ஒருவர் நெஞ்சில் போய் விழுகிறது என்று நினைத்தவள் எப்படிச் சந்தோஷப்படுவாள். முட்டிக்கும்பிடில் பத்து எட்டுக்கு ஒருதரம் நின்றேன், எனக்காக இல்லை. தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன். மூச்சடைப்பானில் மூச்சு வாங்காமலேயே உட்கார்ந்து நூறு வரை எண்ணினேன், எழுந்து ஐந்து எட்டு வைத்தேன், மறுபடி உட்கார்ந்து நூறு எண்ணினேன். அந்தப் பதினாலு பேரும் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னக்கா, அதுக்குள்ள முடியலையா?" என்று கேட்டான் ஒருவன்.

"எனக்கு முடியுது தம்பி, ஏறுறவருக்கு முடியல" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வழுக்குப்புல்லில் அவர் சறுக்கிய இடம் வந்தது. அங்கே மட்டும் உட்காரவில்லை, காலை அழுத்தி அழுத்தி ஊன்றினேன், விரலைப் புல்வேரில் கொடுத்துப் பிடித்தேன், இந்தத் தடவை விழமாட்டீர்கள் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு ஏறினேன்.

உச்சியில் சுமையை இறக்கி நிமிர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. கல் இருந்தது. மேகம் இருந்தது, கடையில் மாட்டியிருக்கிற காலண்டர் படத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. என்னுடைய அந்த ஒரு நிமிஷத்தைத் தேடினேன், சட்டைப் பையில் சாவியைத் தேடுகிறவனைப் போல உடம்பெல்லாம் தேடினேன், இல்லை. சரி, எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியுமே. அதனால் அடுப்பைப் பற்ற வைக்காமல், வழிகாட்டியாக இருந்த நாளில் அவர் நிற்கிற இடத்தில் போய் நின்றேன், கிழக்கே பார்த்தேன், மேற்கே பார்த்தேன், முந்தானையை விலக்கிக் கழுத்தில் காற்று படவிட்டேன், சோறு எப்போது என்று கேட்டவர்களிடம் இன்று லேட்டாகும் என்றேன். சுனைத் தண்ணீர் மூன்று வாய் குடித்தேன். ஒரு ருசியும் இல்லை, அவருக்கு இருந்திருக்கும்.

இறங்கி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வாசலில் ஒச்சம்மாக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடினேன்.

"காலம்பற இளைச்சாருடி, பத்து மணிக்கு ஒதடு நீலம் பாஞ்சுபோச்சு, தொலைஞ்சோம்னு நினைச்சேன். நின்னு நின்னு வந்தியோ, விட்டு விட்டு வந்துச்சு. ஒரு மணிக்கு ஒரு சத்தம் போட்டாரு பாரு, தெருவே வந்துருச்சு. பெறகு பேச்சில்ல, போய்ப் பாரு."

உள்ளே போனேன். பாய் நனைந்திருந்தது, தலையணை நனைந்திருந்தது, கண்ணை மூடிக் கிடந்தார், நெஞ்சு ஏறி இறங்கியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அலுப்பே இல்லை, இத்தனை வருஷமும் அலுத்தே வந்தவளுக்கு, மலையிலிருந்து வந்த சாயங்காலத்தில் அலுப்பில்லாமல் என்ன செய்வதென்றே தெரியவில்லை, கை தானாக அவர் கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கியது, ஆறு வருஷமாகத் தினமும் அமுக்குகிற பழக்கம்.

"ஏய்" என்றார் கண்ணைத் திறக்காமல். "மெதுவா. வலிக்குதுடி."

கையை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன், ஒரு விரலால் அமுக்கினேன்.

"ஸ்ஸ்... வலிக்குதுங்குறேன்ல" என்றார், சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது, ஒருவரை ஒருவர் பார்க்காமல் அழுதோம். அதன்பிறகு எங்கெங்கே வலிக்கிறது என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டேன், தொடை, முட்டி, குதிகால், செருப்பு கடித்த சுண்டுவிரல் வரைக்கும். எல்லாம் வலித்தது. என்னைவிட அவருக்கு என் வழி நன்றாகத் தெரிந்திருந்தது, எந்தப் பாறையில் எந்தக் காலை வைத்தேன் என்று சொன்னார். உச்சியில் எப்படி இருந்தது என்று நான் கேட்டேன், அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மலை வலி மூன்று நாள்தான் இருக்கும், ஏறியவர்களுக்கெல்லாம் தெரியும். பொங்கலன்று தொடை விட்டது. மாட்டுப் பொங்கலன்று முட்டி விட்டது. காணும் பொங்கலன்று சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை யாருக்கும் தெரியாமல் கையால் பொத்தி வைத்திருந்தார். மறுநாள் நான் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தேன். "இல்ல" என்றார்.

அதற்கடுத்த நாள் புதுக் கூட்டம் வந்தது. ஊரில் எல்லா வீட்டிலும் வாயைத் திறக்காமல் காப்பி ஊற்றினார்கள், பிச்சைமணி தெருவில் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வாசலில் எட்டிப் பார்த்தபோது நான் வனராசுவின் முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டிருந்தேன், கட்டில் மேல் செம்பு இருந்தது.

"மதினி, ஊர்க் கட்டுப்பாடு" என்றான்.

"வர்றவுகளுக்குத்தான கட்டு? இது எங்க வீட்டுக் காப்பி. நீ போய்யா" என்றேன். செருப்பைப் பார்த்தான், போய்விட்டான்.

வனராசு செம்பை எடுக்கவில்லை. "வேணாம் தவமணி. இப்பிடியே போனா, உனக்கு உச்சில என்னதான் இருக்கும்? நீ என்னத்தப் பாப்ப?"

"கல்லு இருக்கு. கல்லப் பாத்துட்டு வாரேன்" என்றேன். "நேரமாச்சு, ஊத்துங்க."

ஊற்றினார். அந்த வார்த்தையையும் சொன்னார். இந்தத் தடவையும் பாதி அவர் தொடையில் கொட்டியது, சூடு அவருக்குத் தெரியவில்லை. துடைத்துவிட்டு, மிச்சத்தைக் குடித்துவிட்டு, சுமையை எடுத்துத் தலையில் வைத்தேன்.